பின் சீட்டில் இன்னொருத்தி

வெள்ளிக்கிழமைகளில் பசறையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்கள் ஏழாங்கட்டை வளைவில் நின்று நின்றுதான் போயின. மண்சரிவு இல்லை. மரம் விழவில்லை. மோட்டார் சைக்கிள்களுக்குப் பேயோட்டிக்கொண்டிருந்தார்கள்.

வளைவுக்கு மேலே ஒரு பழைய மடுவம் இருந்தது. ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்ட கொட்டகை. தோட்டம் அதைக் கைவிட்ட பிறகு ஆடுகள் ஒதுங்கின. ஆடுகளுக்குப் பிறகு பேலன்ஸ் சாமி எழுந்தருளினார். அவர் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தவர்கள், தட்டுப்பாட்டுக் காலத்தில் பெட்ரோலுக்கு நின்ற வரிசைகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை என்றார்கள். அப்போது சனம் அடிபட்டுக்கொண்டது. இப்போது கையில் எலுமிச்சம்பழத்தோடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்தியோடு கொட்டாவி விட்டது.

சாமியின் மகிமை லுணுகலை வரைக்கும் பரவியிருந்தது. தபால்காரர் ஒருவருக்கு முதுகுவலி போய்விட்டதாம். ஒருவர் வண்டியில் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாராம், ஒரு முட்டைகூட உடையவில்லையாம். அந்தக் கதை பசறைச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது முட்டைகள் வழியிலேயே குஞ்சு பொரித்திருந்தன. குஞ்சுகளும் வண்டியை விட்டு இறங்க மறுத்தனவாம், அவ்வளவு சுகமான ஓட்டம்.

சாமி கண்டுபிடித்த உண்மை இதுதான். முன்னொரு காலத்தில் ஏழாங்கட்டையில் ஒரு கொழுந்துக்காரப் பெண் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, குளிரில் நின்று செத்துப்போனாள். அன்றிலிருந்து போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களில் கூடையோடு ஏறிக்கொள்கிறாள். ஏறினால் இறங்கமாட்டாள். வண்டி துள்ளும். ஹேண்டில் நடுங்கும். மழைநாளில் வளைவில் வழுக்கும். அவள் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷத்துப் பஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு வராது என்பதை நம் பக்கத்தில் யாரும் சந்தேகிப்பதில்லை. அதை நம்பியவர்கள் மிச்சத்தையும் சேர்த்து நம்பிவிட்டார்கள்.

அந்த வரிசையில், ஒரு தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லையா நின்றார்.

நல்லையாவைத் தெரியாதவர்கள் பசறையில் குறைவு. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடநம்பிக்கை என்றால் அவருக்கு ஆகாது. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் வாசகசாலையில் "சிந்திப்போம்" என்ற தலைப்பில் பேசுவார். கைரேகை பொய், ராசிபலன் பொய், பல்லி விழுந்த பலன் பொய் என்று மேசையைத் தட்டிச் சொல்வார். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நல்ல நேரம் பார்த்து எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அப்பேர்ப்பட்டவர் மடுவத்துக்கு வந்தது ஆராய்ச்சிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

உண்மையான காரணம் அவர் மனைவி கலாராணி. அவள் அவருடைய வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டாள்.

அதற்கு அவர் வண்டிக்குச் செய்திருந்த வைத்தியத்தைச் சொல்லவேண்டும். பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, வரிசையில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வித்தை சொன்னான்: டயரைக் கல்லு மாதிரி அடித்து வைத்தால் பெட்ரோல் கரையாது. ஊரே அடித்தது. பிறகு பெட்ரோல் வந்துவிட்டது, வரிசை போய்விட்டது, கல் மட்டும் டயரிலேயே தங்கிவிட்டது. நல்லையா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெட்ரோல் ஷெட்டுக்குப் போய், கட்டைவிரலால் குத்தினால் விரல் வலிக்கும் வரைக்கும் அடிப்பார். அதோடு, அதிர்வு தாங்குகிற பின் ஷொக்கின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் உண்டல்லவா, ஒருமுறை உரமூட்டை ஏற்றுவதற்காக அதைக் கடைசிப் படிக்கு இறுக்கியிருந்தார். மூட்டை இறங்கியது. ஸ்பிரிங் இறங்கவில்லை. இறுக்கமாக இருந்தால்தான் வண்டி நிதானமாக நிற்கும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வண்டி துள்ளியது. அவர் ஹேண்டிலை மேலே தூக்கினார். நிமிர்ந்துகொண்டு துள்ளினார். ஹேண்டிலைத் தாழ்த்தினார். குனிந்துகொண்டு துள்ளினார். சீட்டுக்கு மேல் ஸ்பஞ்சு வைத்துத் தைத்தார். ஸ்பஞ்சோடு சேர்ந்து துள்ளினார். ஒரு குழியில் விழுந்தால், சீட்டை விட்டு எழும்பி, அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்களை ஒருதரம் எண்ணிவிட்டுத்தான் திரும்ப உட்காருவார். கலாராணிக்கு எண்ணுவதில் ஆசை இல்லை. ஒரு மழைநாளில் பின்சக்கரம் வளைவில் ஒரு பக்கமாக நழுவி, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள் மெதுவாக இறங்கி, சேலையைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.

லுணுகலையில் மகள் கிருஷாந்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியைப் பார்க்க கலாராணி பஸ்ஸில் போவாள். நல்லையா அதே பஸ்ஸுக்குப் பின்னால் தனியாகத் துள்ளிக்கொண்டு போவார். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக மொத்தப் பயணிகளும் அவரைப் பார்ப்பார்கள். கல்யாணம் கட்டிய நாள்முதல் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அவளை எப்படியாவது திரும்ப அந்தப் பின் சீட்டில் ஏற்றிவிடவேண்டும். அதற்காகத்தான் தொப்பி, எலுமிச்சம்பழம், ஆராய்ச்சி எல்லாம்.

பேலன்ஸ் சாமி வண்டியைச் சுற்றி வந்தார். பின் சீட்டில் கையை வைத்தார். சுடுசட்டியைத் தொட்டது போல இழுத்துக்கொண்டார்.

"ஐயா, ஒங்க பின்னால ஒருத்தி ஒக்காந்திருக்கா. தோள்ல கை போட்டுக்கிட்டு."

நல்லையா தன்னையறியாமல் தோளைத் தட்டிவிட்டார்.

பிறகு பூசை. வண்டியை ஒரு சிவப்புத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். சாம்பிராணிப் புகை. தப்பு மேளம் அடித்தார்கள். வண்டிக்காரர் திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவேண்டும், திறந்தால் அவள் வண்டியை விட்டு இறங்கி அவர் கழுத்தில் ஏறிக்கொள்வாள். சாமி உள்ளே ஒரு நீண்ட மந்திரம் சொன்னார். தப்பு சட்டென்று நின்றது. அந்த அமைதியில் எல்லோரும் கேட்டார்கள்: புஸ்ஸ்ஸ். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் புஸ்ஸ்ஸ். முதலாவது அவளுடைய கூடை இறங்குகிற சத்தம், இரண்டாவது அவள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடித்துக் காணிக்கை வாங்கினார்கள். பின் ஷொக்கில் ஒரு செப்புத் தகடு கட்டினார்கள்.

நல்லையா வண்டியை எடுத்தார். வண்டி வெண்ணெயில் இறங்குகிற கத்தி மாதிரி போனது. வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அது பகுத்தறிவுக் கண்ணீர் அல்ல.

சனிக்கிழமை கலாராணியைக் கெஞ்சி ஏற்றினார். லுணுகலை வரைக்கும் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது லேசாகத் தூங்கிக்கூட விட்டாள். ஞாயிற்றுக்கிழமை, சந்தோஷத்தில், வழக்கம் போல பெட்ரோல் ஷெட்டுக்குப் போய் டயரைக் கல்லு மாதிரி அடித்தார். திங்கட்கிழமை அவள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள். பேயைச் சொல்கிறேன். கலாராணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி மறுபடியும் மடுவம். மறுபடியும் வெண்ணெய். மறுபடியும் ஞாயிறு. சாமி சொன்னார், சில பேய்களுக்குச் சில ஆட்களைப் பிடித்துப்போகும் என்று. நல்லையாவுக்கு அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

ஆனால் பசறையில் எது வெளியே போகாமல் இருந்தது? பஸ் கண்டக்டர்தான் கலாராணியிடம் கேட்டான், ஐயா பின்னால வேற யாரையோ ஏத்திக்கிட்டுத் திரியிறாராமே என்று. பஸ் முழுக்கச் சிரித்தது. அன்று இரவு அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"ஏங்க, யாருங்க அவ?"

நல்லையா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஆராய்ச்சி என்ற சொல்லை நடுநடுவே சேர்த்துக்கொண்டார்.

"கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து அந்தச் சீட்டுல நாந்தான் ஒக்காந்து வாரேன்," என்றாள் அவள். "நான் ஒக்காந்தா ஒங்களுக்கே எடம் பத்தாது. அவ எங்கங்க ஒக்காந்தா?"

"அது ஆவி, கலா. ஆவிக்கு எடம் தேவப்படாது."

"எடம் தேவப்படாதவளுக்கு வண்டி எதுக்கு? பறந்து போக வேண்டியதுதானே."

வாசகசாலையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நல்லையா தண்ணீர் குடித்தார். அவள் விடவில்லை. எப்போது ஏறுகிறாள் என்று விசாரித்தாள். ஏழாங்கட்டையில் என்றார். அவள் யோசித்தாள். சனிக்கிழமை போகும்போதும் வரும்போதும் ஏழாங்கட்டையைத் தாண்டிப் பதுளைக்கா போனோம், எதிர்ப்பக்கமாக லுணுகலைக்குத்தானே போனோம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். பெட்ரோல் ஷெட்டுக்கு மட்டும்தான் போனதாகச் சொன்னார்.

"அப்ப அவ ஏழாங்கட்டையில ஏறல. பெட்ரோல் ஷெட்டுலதான் ஏறியிருக்கா," என்றாள் கலாராணி. "சரி, எறங்குறப்ப என்ன சத்தம் வந்துச்சு?"

நல்லையா பயபக்தியோடு சத்தம் செய்து காட்டினார். அவள் எழுந்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக்கொண்டு, டார்ச்சோடு வெளியே போனாள். முன்சக்கரத்தின் காற்றடிக்கிற வாயில் மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியை ஹேர்பின்னால் அமுக்கினாள்.

புஸ்ஸ்ஸ்.

"இப்புடியா?"

நல்லையா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் கூடுதலா."

அவள் அழுத்தி அமுக்கினாள்.

"ஆமா. அவதான்," என்றார் நல்லையா.

சொல்லிவிட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் பகுத்தறிவு பேசிய மனிதர், தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு பேய்க்காக வாதாடினார். சத்தம் ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறாக இருக்கலாம் என்றார். இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே, அத்தனை பேரும் முட்டாள்களா என்றார். இந்தக் கேள்வியைத்தான் போயா தினங்களில் மற்றவர்கள் அவரிடம் கேட்பார்கள். அதற்கு அவர் சொல்கிற பதில் அவருக்கே மறந்துபோயிருந்தது.

கலாராணி சண்டை போடவில்லை. இரண்டு டயரிலும் காற்றை இறக்கினாள், கட்டைவிரலால் அழுத்தினால் விரல் லேசாக அமுங்குகிற அளவுக்கு. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் ஒரு சுற்றுப் போகச் சொன்னாள். குழியில் விழுந்தும் இருவரும் சீட்டிலேயே இருந்தார்கள்.

"இனி யாரும் இந்த டயரத் தொடக்கூடாது," என்றாள். "வெள்ளிக்கிழம நானும் வாறேன். அவ இன்னும் ஒக்காந்திருக்காளான்னு சாமியே சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை இருவருமாகப் போனார்கள். வழி முழுக்க வண்டி துள்ளவில்லை. இதை நல்லையா கவனித்தார். கவனித்தும் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டார்.

சாமி வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டில் கையை வைத்தார். இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் பெரிய பூசையாகவே செய்யவேண்டும் என்றார். கலாராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

திரை மூடியது. புகை எழுந்தது. தப்பு முழங்கியது. சாமி வழக்கமான மந்திரத்தை வழக்கமான நீளத்துக்குச் சொன்னார். டயரைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததே இல்லை. கல்லு மாதிரி காற்றடிக்காத மனிதன் பசறையில் கிடையாது என்று முழுதாக நம்பியிருந்தார். அது ஒன்றுதான் அவருடைய மூடநம்பிக்கை. பெரிய பூசை என்பதால் புஸ்ஸும் பெரிதாக வந்தது.

திரையை விலக்கினார்கள். வண்டி, படுக்க நினைத்து முழங்காலை மடக்கிய மாடு மாதிரி நின்றது. இரண்டு டயரும் தரையோடு தரையாகச் சப்பளிந்து கிடந்தன.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. சாமியும் ஒரு கணம் பிடித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, போகிற கோபத்தில் டயர்களையும் கொன்றுவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பொல்லாதவள் என்றார். கூட்டத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பேய்க்கு இவ்வளவு பலமா? வரிசையின் கடைசியில் இன்னும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். மோசடி அப்பட்டமாகத் தரையில் கிடந்த நேரத்தில் வரிசை நீண்டது என்பதை ஊரின் பெருமைக்காக இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

கலாராணி முன்னே வந்தாள். அடுத்ததாக நின்ற வண்டி மரக்கறி வியாபாரி சுரேசுடையது. அவனிடம் அனுமதி கேட்டாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றான். திரை இல்லை. புகை இல்லை. தப்பு அடிக்கிறவர்கள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றார்கள். அவள் ஹேர்பின்னை உருவினாள். முன்சக்கரம். புஸ்ஸ்ஸ்.

"இது அவளோட கூடை," என்றாள்.

பின்சக்கரம். புஸ்ஸ்ஸ்.

"இது அவ. போயி ஓட்டிப் பாரு தம்பி."

சுரேஸ் வளைவு வரைக்கும் போனான். திரும்பி வந்தான். எஞ்சினை நிறுத்தினான். இறங்கி, இரண்டு டயரையும் ஒருதரம் பார்த்தான்.

"பூ மாதிரி இருக்குங்க," என்றான் கடைசியில், ஏதோ களவு செய்து பிடிபட்டவன் மாதிரி.

பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மடுவத்தின் பின்னால் சாமியின் சொந்த மோட்டார் சைக்கிள் நின்றது. போய்ப் பார்த்தான். அதில் எலுமிச்சம்பழம் இல்லை. தகடு இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். காற்று அளவாக இருந்தது. ஷொக்கின் ஸ்பிரிங் நடுப்படியில் இருந்தது. அவன் திரும்பி வந்து இதைச் சொன்னபோதுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. தாங்கள் ஏமாந்தது பரவாயில்லை, சாமி ஏமாறவில்லை என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

சாமி ஓடவில்லை. காவித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தார். விபூதி போன பிறகு அந்த முகம் பலருக்கு எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

"நான் பெரகல ஊரு லிங்கம்," என்றார். "பெட்ரோல் ஷெட்டு பக்கத்துல பஞ்சர் ஒட்டுனேன். வாரவங்க எல்லார்க்கிட்டயும் சொன்னேன், காத்தக் கொறைங்க, வழுக்கி விழுவீங்கன்னு. சும்மாதான் சொன்னேன். ஏசிட்டுப் போனீங்க." நல்லையாவின் தொப்பியை நேராகப் பார்த்தார். "ஐயா, நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? படிச்சவனுக்குப் பாடம் நடத்தாத, ஒன் பஞ்சர ஒட்டுன்னு சொன்னீங்க. அதே காத்தத்தான் இங்க தெறந்துவிட்டேன். எலுமிச்சம்பழத்தோட வந்தீங்க."

நல்லையா தொப்பியைக் கழற்றினார். இனி அது எதையும் மறைக்கப்போவதில்லை.

கலாராணிதான் பேசினாள். "காத்தக் கொறச்சீங்க, சரி. ஏன் கொறைக்கணும்னு சொன்னீங்களா? சொல்லியிருந்தா அடுத்த வெள்ளிக்கிழம ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க. அதனாலதானே சொல்லல. நாயித்துக்கெழம திரும்பக் கல்லு மாதிரி அடிச்சுக்கிட்டு மழையில போவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். நான் அந்தப் பள்ளத்து ஓரத்துல நின்னு பார்த்தவ."

லிங்கம் காவித் துண்டைக் கீழே வைத்தார். சுரேஸ் திரையை அவிழ்த்து மடித்தான். மரக்கறிக் கூடை மூட உதவும் என்றான்.

சப்பளிந்த வண்டியை நல்லையா பசறை வரைக்கும் தள்ளினார். தூரம் அதிகம். கலாராணி பக்கத்தில் நடந்தாள். ஒரு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் கை காட்டினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்போது வண்டி கொஞ்சம் இலேசானது போல நல்லையாவுக்குத் தோன்றியது, ஆனால் அதற்கு ஏதும் காரணம் சொல்ல அவர் துணியவில்லை.

டயர் கடை ஜாபிர் நானா பம்பை மாட்டிவிட்டு, எவ்வளவு அடிக்கட்டும் என்று கேட்டார். நல்லையா வழக்கம்போல வாயைத் திறந்தார். 'க' என்ற எழுத்துவரைக்கும் வந்துவிட்டது. கலாராணி கொண்டைக்குக் கையைக் கொண்டுபோனாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஜாபிர் நானா சிரித்துக்கொண்டே செயின் கவரைத் துணியால் துடைத்துக் காட்டினார். அங்கே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது: ஒருவர் போனால் இவ்வளவு, இருவர் போனால் இவ்வளவு. வண்டி வாங்கிய நாள்முதல் அந்தத் தாளை வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து, அதன் மேலேயே சந்தனம் வைத்தவர் நல்லையா. ஜாபிர் நானா ஸ்பிரிங்கையும் உரமூட்டைப் படியிலிருந்து இறக்கி, கலாராணிப் படியில் வைத்தார். அந்தப் பெயர் கடையில் இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த நாள் லுணுகலைக்குப் போனார்கள். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பசறையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

அடுத்த போயாவில் வாசகசாலையில் நல்லையா பேசினார். தலைப்பு பழையதுதான். தானும் தன் மனைவியும் ஒரு மோசடியைக் கண்டுபிடித்த வரலாறு என்று தொடங்கினார். முன்வரிசையில் கலாராணி இருமினாள். தன் மனைவி கண்டுபிடித்த வரலாறு என்று திருத்தினார். அவள் மறுபடியும் இருமினாள். தான் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்ற வரலாறு என்று திருத்திக்கொண்டு பேசினார். அன்றுதான் முதன்முறையாகச் சனம் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது.

டயருக்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியைச் செய்தவன் அச்சடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறான், அதையே நாம் வாசிக்கவில்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று யாரும் அப்படி ஒட்டி அனுப்பவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் தலை இருக்கிறது. ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டும் என்றால், அதற்கு ஒரு தேங்காயே போதும்.